நாலாம் நம்பர் பாட்டில்

எனக்கு நாற்பத்தெட்டு வயது. குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். முனைவர் பட்டத்துக்குப் பகுதி நேரமாகப் பதிவு செய்து ஏழு வருஷம் ஓடிவிட்டது. "என்ன மிஸ், டாக்டர் ஆயாச்சா?" என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது கேட்காத மாதம் கிடையாது. கல்யாண வீடுகளில் வேறு மாதிரி. எதைப் பற்றி ஆராய்ச்சி என்பார்கள். நீர்த்தெள்ளு என்பேன். "நாய்மேல இருக்குமே, அதுவா?" என்று கேட்டுவிட்டு, ஒரு நாற்காலி தள்ளி உட்காருவார்கள்.

அது இல்லை. பெயரில்தான் தெள்ளு. குளத்திலும் ஏரியிலும் தத்தித் தத்தி நீந்துகிற, எள்ளைவிடச் சின்ன உயிர். நண்டுக்கும் இறாலுக்கும் தூரத்து உறவு. மீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்குப் போடுவார்கள். உடம்பு கண்ணாடி. நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் துடிப்பது தெரியும், தின்ற பாசி பச்சைக் கோடாகக் குடலில் ஓடுவது தெரியும், முதுகுப் பையில் முட்டைகள் தெரியும். எதையும் ஒளிக்கத் தெரியாத பிராணி. எனக்கு அதைப் பிடித்துப்போனதற்கு அதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம், அதன் குடும்ப வாழ்க்கை. தண்ணீரும் தீனியும் நன்றாக இருக்கும்வரை அங்கே ஆணே கிடையாது. அம்மா தனியாகவே மகள்களைப் பெறுகிறாள், மகள்கள் மகள்களைப் பெறுகிறார்கள், எல்லாரும் அம்மாவின் அச்சு. குளம் வற்ற ஆரம்பித்தால், அல்லது நெரிசல் வந்தால்தான் ஆண்கள் பிறப்பார்கள். அப்போது கூடிப் பிறக்கும் முட்டைக்குக் கெட்டியான கறுப்பு உறை உண்டு. சேற்றில் வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு, மழை வந்ததும் பொரிக்கும். அந்தக் கூடல் நேரத்தில் பக்கத்து இனத்து ஆண் இருந்தால் கலப்பு நடக்கும். நெருங்கிய இனங்கள் எங்கே, எப்படிக் கலக்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. இதைச் சொன்னதும் என் தோழிகள் உடனே யார் வீட்டுக் காதல் கல்யாணத்துக்காவது தாவிவிடுவார்கள். நான் தாவ மாட்டேன். தெள்ளு தெள்ளுதான், மனுஷன் மனுஷன்தான்.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் என் வழிகாட்டி பேராசிரியராக இருந்தார். அவருடைய மகளுக்கு நான் ப்ளஸ் டூவில் பாடம் எடுத்திருக்கிறேன். அதனால் அவருடைய மாணவியாகச் சேர்ந்த பிறகும் அவர் என்னை "டீச்சர்" என்றே கூப்பிட்டார், நான் அவரை "சார்" என்றேன். பேனாவை அவர் கையில் பார்த்ததே இல்லை, கையெழுத்து போடும் நேரம் தவிர. திருத்தம், படம், குறிப்பு எல்லாம் பென்சில். "பேனால எழுதினா நானே அத நம்ப ஆரம்பிச்சுடுவேன் டீச்சர்" என்பார்.

தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை ஆறு நீர்நிலைகளில் வலை வீசிப் பிடித்தோம். இரண்டு இனங்கள் கிடைத்தன. தலையில் கூராக நீட்டிக்கொண்டிருப்பதை நாங்கள் கொண்டை என்றோம், மற்றதை மொட்டை. ஆய்வேட்டில் இரண்டுக்கும் வாய்க்குள் நுழையாத பெயர்கள் இருக்கின்றன, அவை அங்கேயே இருக்கட்டும். மொட்டை எல்லா இடத்திலும் இருந்தது. கொண்டை, கேளம்பாக்கம் பக்கத்தில் ஒரு குட்டையில் மட்டும். மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள ஏரியில் அப்போது மொட்டை மட்டும்தான். கொண்டை ஒன்றுகூட இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி லேபில், கழுவிக் காயவைத்த ஊறுகாய் பாட்டில்களில் அவற்றை வளர்த்தேன். ஒரு பாட்டிலில் ஒரே ஒரு அம்மாவை விடுவேன். பிறகு அதில் இருப்பதெல்லாம் அவள் வம்சம். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நம்பர். இதில் நாலாம் நம்பர் கேளம்பாக்கத்துக் கொண்டை. மற்ற கொண்டைகள் என் கையில் வந்து சாவதிலேயே குறியாக இருந்தபோது, இவள் மட்டும் தளதளவென்று பெருகினாள். தீனியாகப் போடும் ஈஸ்ட் கொஞ்சம் கூடிப்போனாலும் சமாளித்தாள், மே மாத வெயிலில் கரண்ட் போனபோதும் சமாளித்தாள். எனக்கு அவள்மேல் ஓரவஞ்சனையான பிரியம் இருந்ததை மறைக்கப் போவதில்லை.

பெருகுவதில்தான் சிக்கல். பாட்டிலில் நெரிசல் விடக் கூடாது. விட்டால் ஆண் பிறந்து, கூடல் நடந்து, வம்ச வரிசை குலைந்துவிடும். வாரம் ஒரு தடவை பாதியை எடுத்துவிட வேண்டும். எடுத்ததை என்ன செய்வது? வெந்நீரிலோ ஸ்பிரிட்டிலோ கொன்றுவிட்டுக் கொட்ட வேண்டும், அதுதான் முறை. சார் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார். நானும் தலையாட்டினேன்.

முடியவில்லை. நான் அரிசி மாவில்தான் கோலம் போடுகிறவள், எறும்பு தின்னட்டும் என்று. கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் வாரி வெளியே விடுகிறவள் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். முதுகில் முட்டையோடு நீந்துகிற நூறு அம்மாக்கள்மேல் வெந்நீரை ஊற்றக் கை வரவில்லை. உபரியை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, ஹேண்ட்பேக்கில் வைத்து, ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்புவேன். கேம்ப் ரோடு, சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி எங்கள் தெருமுனையில் ஒரு காலி மனை. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிக் குட்டையாகக் கிடக்கும், கோரை முளைத்திருக்கும், சித்திரை வெயிலில் காய்ந்துவிடும். அதில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போவேன். ஏரியில் ஊற்றவில்லை, பாருங்கள். ஆராய்ச்சி செய்கிற ஏரியில் ஊற்றக் கூடாது என்கிற அறிவு எனக்கு இருந்தது. இது வெறும் குட்டை, நாலு மாதத்தில் தானாக வற்றும், அப்போது செத்தால் அது வெயில் செய்தது, நான் செய்ததில்லை என்று மனசைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். காய்ந்த சேற்றில் முட்டை கிடக்கும் என்பதை ஏட்டில் எழுதிக்கொண்டிருந்த அதே ஆள்தான் இப்படி நினைத்ததும்.

நோட்டில் எதையும் விடாமல் எழுதுகிற பழக்கம் எனக்கு. பாட்டில் நம்பர், தேதி, தண்ணீர் மாற்றியது, கடைசியில் 'உபரி' என்று ஒரு கட்டம். அதில் வாராவாரம் "விட்டாச்சு" என்று எழுதினேன். சார் ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே கையெழுத்து போட்டார். எங்கே விட்டாச்சு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாவது மழைக்காலம் முடிந்த தை மாதத்தில் எங்கள் ஏரியில் வலை வீசினேன். நுண்ணோக்கியில் பார்த்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கொண்டை இருந்தது. அதோடு கொண்டையும் இல்லாமல் மொட்டையும் இல்லாமல், தலையில் பாதி மேடாக, நடுவாந்திரமாக ஒன்றும் இருந்தது. ஒன்றல்ல, நிறைய.

டி.என்.ஏ. பார்க்க அனுப்பினோம். செல்லுக்குள் இரண்டு வகை டி.என்.ஏ. உண்டு. ஒன்று அப்பா, அம்மா இருவரிடமும் பாதிப் பாதி வாங்கியது. மற்றது அம்மாவிடமிருந்து மட்டும் வருவது. முதல் வகை, இது கலப்பினம்தான் என்று சொன்னது. இரண்டாவது வகை, அம்மா கொண்டை என்றது. அதோடு நிற்கவில்லை. அந்தத் தாய்வழி, என் நாலாம் நம்பர் பாட்டிலோடு ஒரு எழுத்து விடாமல் அப்படியே ஒத்துப்போனது.

சாருக்கு முதலில் சந்தேகம்தான். லேபில் பாட்டில் தண்ணீர் ஏரித் தண்ணீரோடு கலந்திருக்குமோ என்று புதிதாக ஏரியில் எடுக்க வைத்தார், புதுக் கண்ணாடிக் குழாய், புது வலை, வேறு அறை. மறுபடி அதே விடை. கேளம்பாக்கத்துக் குட்டையில் அந்த வம்சம் அரிதுதான், ஆனாலும் இருந்தது. அப்படியென்றால் அங்கிருந்து சமீபத்தில் இங்கே வந்திருக்கிறது, வந்து மொட்டையோடு கலந்திருக்கிறது. நாங்கள் இருவரும் அன்றைக்குக் கேன்டீனில் ஆளுக்கு இரண்டு போண்டா தின்றோம். எப்படி வந்திருக்கும் என்பதற்கும் விடை தயாராக இருந்தது. நீர்ப்பறவைகளின் கால் சேற்றில் முட்டை ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போவது தெரிந்த விஷயம். சார் எங்கள் வரைபடத்தை எடுத்தார். கேளம்பாக்கத்திலிருந்து மாடம்பாக்கத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டு, அதன்மேல் பென்சிலால் சின்னதாக ஒரு கூழைக்கடா வரைந்தார். அலகுப்பை எல்லாம் வைத்து அழகாகவே வரைந்தார்.

அதுதான் மூன்றாம் அத்தியாயம் ஆனது. அது இல்லாமல் என் ஆய்வேடு நிற்காது. முதல் இரண்டும் எந்தக் குளத்தில் என்ன இருந்தது என்கிற பட்டியல்தான். கடைசி நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது, டிசம்பருக்குள் சமர்ப்பிக்க வேண்டும். அடுத்த மே மாதம் சார் ஓய்வு பெற இருந்தார். ஆவணியில் மூன்றாம் அத்தியாயத்தை முடித்து அச்சுக்குக் கொடுக்கத் தயாராக வைத்தேன். இவ்வளவு படித்தவளுக்கு அந்தக் காலி மனை ஞாபகமே வரவில்லையா என்று கேட்பீர்கள். வரவில்லை. அது குட்டை, இது ஏரி. என் மண்டைக்குள் இரண்டுக்கும் நடுவில் பெரிய சுவர் இருந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினேன். காலி மனை ஓரத்தில் இரண்டு பேர் முழங்கால் சேற்றில் நின்று கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தார்கள். பெருமழைக்கு முன்னால் கால்வாய் தூர்வார வந்தவர்கள்.

"பாத்துப் போக்கா, சேறா கீது" என்றார் பெரியவர்.

"இது சும்மா குட்டைதானே? இதுல என்ன அடைப்பு?"

"குட்டையா? இன்னாக்கா நீ, இந்தத் தெருலயே இருந்துகினு. கீய பைப்பு போவுது பாரு. மய பேஞ்சா இந்தத் தண்ணி மொத்தமும் நேரா ஏரிக்குத்தான் ஓடுது. வருசா வருசம் அடச்சிக்கும், நாங்கதான் வந்து குத்திவுடுறோம்."

சொல்லிக்கொண்டே அவர் கடப்பாரையை ஒரு தள்ளு தள்ளினார். களக்கென்று சத்தம் கேட்டது. தேங்கியிருந்த தண்ணீர் அசைந்து, கோரையை இழுத்துக்கொண்டு, அந்தக் குழாய்க்குள் ஓட ஆரம்பித்தது. "பாத்தியா?" என்றார் சந்தோஷமாக.

பார்த்தேன். கறிவேப்பிலை வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன். நோட்டை எடுத்துத் தேதிகளைப் பார்த்தேன். பார்க்கவே வேண்டியதில்லை. கேளம்பாக்கத்திலிருந்து வந்த கூழைக்கடா நான்தான். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஹேண்ட்பேக்கில் பாட்டிலோடு, வாராவாரம் வந்திருக்கிறேன்.

மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் ராத்திரி சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை செய்கிறவர், பதறாத மனிதர். குழம்பை ஊற்றிக்கொண்டு யோசித்தார். "யாருக்கும்மா தெரியப் போகுது? அந்தப் பறவையக் கூப்பிட்டா விசாரிக்கப் போறாங்க?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது, ஏனென்றால் மூன்று நாளாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பறவை இல்லை என்று யாரால் நிரூபிக்க முடியும்? டிசம்பர் வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஏழு வருஷம். பெயருக்கு முன்னால் அந்த இரண்டெழுத்து வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மறுநாள் வகுப்பில் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தினேன். ஒரு பெண், தான் பார்க்காத கன்னத்து உள்தோல் செல்லைப் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து வரைந்திருந்தாள். காற்றுக் குமிழியையும் சேர்த்து வரைந்திருந்ததால் மாட்டிக்கொண்டாள். "பாக்காததை எதுக்கு வரைஞ்ச?" என்று வழக்கம்போலக் கத்த வாயைத் திறந்தேன். ஊருக்குத்தான் உபதேசம். அவளிடம் நோட்டைக் கொடுத்து, "நாளைக்கு லேப்ல பாத்துட்டு வரை" என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் நேராகத் தாம்பரத்துக்கு வண்டியை விட்டேன்.

சார் லேபில்தான் இருந்தார். அச்சுக்குப் போக வேண்டிய வரைபடம் மேஜைமேல் விரித்திருந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டார்.

"ஸ்பிரிட்ல போடவே இல்லையா?"

"இல்ல சார்."

"ஒரு தடவைகூட?"

"பாவமா இருந்துச்சு சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். "குழாயச் சந்தேகப்பட்டேன், வலையச் சந்தேகப்பட்டேன். ஸ்கூட்டரச் சந்தேகப்படல" என்றார். பிறகு, "கையெழுத்து போட்டவன் நான். எங்க விட்டீங்கன்னு நான் கேட்டிருக்கணும் டீச்சர்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன். பட்டத்துக்காக அழவில்லை என்று சொன்னால் பொய். பட்டத்துக்காகவும்தான் அழுதேன்.

அவர் ரப்பரை எடுத்து அந்தக் கூழைக்கடாவை அழித்தார். முதலில் அலகு, அப்புறம் உடம்பு. அம்புக்குறியை விட்டுவிட்டார். பென்சிலை என் பக்கம் நகர்த்தினார். "நீங்களே எழுதுங்க." அம்புக்குறியின்மேல், பறவை இருந்த இடத்தில், 'ஆய்வாளர்' என்று எழுதினேன். அழித்த காகிதத்தில் பென்சில் சரியாகப் பிடிக்கவில்லை, இரண்டு முறை அழுத்தி எழுத வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் நடந்தது சுருக்கம்தான். மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறேன். எத்தனை வாரம் ஊற்றினேன், எந்த வம்சம், எந்தெந்த மழைக்கு முன்னால், எத்தனை நாளில் கலப்பினம் வந்தது என்று என் நோட்டே ஆதாரமாகிவிட்டது. இப்படித் தேதியோடு ஒரு கலப்பு ஆரம்பித்த கதை கிடைப்பது அபூர்வம் என்று சார் சொல்கிறார். ஆறுதலுக்குச் சொல்கிறாரா, நிஜமா என்று கேட்கவில்லை. டிசம்பர் போய்விட்டது. இன்னும் ஒரு நீட்டிப்பு கேட்டு விண்ணப்பம் போட்டோம், பதில் வரவில்லை. சார் ஓய்வு பெற்றுவிட்டார். "டாக்டர் ஆயாச்சா மிஸ்?" என்று ஸ்டாஃப் ரூமில் இன்னும் கேட்கிறார்கள். ஏரியில் நடுவாந்திரத் தலையோடு என் பேத்திகள் பெருகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் திரும்ப எடுக்க வழியில்லை. இருந்த மொட்டைகளை அவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் தெரியாது.

ஆனால் அந்தச் சாயங்காலம் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அது வியாழக்கிழமை, தண்ணீர் மாற்றும் நாள். சார் டீ போடுகிற கெட்டிலில் தண்ணீர் வைத்தார். நாலாம் நம்பர் பாட்டிலில் பாதியை ஒரு கண்ணாடி பீக்கரில் ஊற்றினேன். வெளிச்சத்தில் தத்திக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு முதுகிலும் முட்டை. "நான் ஊத்தட்டுமா?" என்று சார் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஊற்றினேன். கண்ணாடியாக இருந்த உடம்புகள் எல்லாம் ஒரே நொடியில் வெள்ளையாயின. பிறகு மெதுவாக அடியில் போய்ப் படிந்தன. கடைசி ஒன்று படியும்வரை பீக்கரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நோட்டை எடுத்து, தேதி போட்டு, நம்பர் போட்டு, 'உபரி' என்ற கட்டத்துக்கு வந்தேன். வாராவாரம் "விட்டாச்சு" என்று எழுதிவந்த இடத்தில் "கொன்றேன்" என்று எழுதினேன். சார் படித்துப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்து போட்டார்.